சிங்கியும் சங்காயமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "ஏனுங்க, கோழிப்பண்ணைத் தொழிலில் வெற்றி பெறுவது எப்படின்னு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டி விட்டேன். ஆனால் இந்த மேடைக்கு வரும்போது, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்காத நம் விலங்கியல் ஆய்வகத்தின் வழியாக வந்தேன். அங்கே கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு சிங்கி இறால் இருக்கும், என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். நிறமெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று, மீசை ஒன்று உடைந்து கிடக்கும். அது இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் பேச்சை மாற்றிக் கொள்வது என்று முடிவு செய்து விட்டேன். வெற்றியைப் பற்றிப் பேச வந்தவன், என் தொழிலில் நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

நாம் சமவெளிக்காரர்கள். வடக்கே சேர்வராயன், கிழக்கே கொல்லிமலை, நடுவில் மரவள்ளியும் கரும்பும் சோளமும். நமக்கு ஆறு என்றால் காவிரி, அணை என்றால் மேட்டூர். கடல் என்பது நமக்கு வாரச் சந்தையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் கருவாடு. அதற்கு மேல் கடலைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால் ஜாடியைப் பார்க்க வேண்டும். செய்முறை வகுப்பில் இறாலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெள்ளை அட்டையில் ஒட்டி வரிசையாகப் பெயர் எழுதி மார்க் வாங்கினோமே, அந்த இறால் உயிரோடு எப்படி இருக்கும் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

1981ஆம் வருஷம் எங்களைக் கல்விச் சுற்றுலாவாக மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது வந்தது 1988இல். 1914ஆம் வருஷம் திறந்த பழைய ரயில் பாலத்தில், மீட்டர் கேஜ் ரயிலில், இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக் கொண்டே போனோம். கொல்லிமலை அடிவாரத்துப் பையன் ஒருவன் பயந்து போய்க் கண்ணை மூடிக் கொண்டதை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர் இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். குருசடைத் தீவில் பலனோகிளாசஸ் பார்த்தோம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அந்த நிலையம் 1947இல் தொடங்கியது. கொச்சிக்குத் தலைமையகம் மாறிய 1971 வரைக்கும் மண்டபம்தான் அதற்குத் தலைமையிடம். எங்களோடு வந்தவர்களில் ஒரே ஒருவன் மட்டும் அந்தச் சுற்றுலாவிலேயே கடலில் விழுந்து விட்டான். தண்ணீரில் விழவில்லை, மனசால் விழுந்து விட்டான். மேலே படித்து மீன் ஆராய்ச்சியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, மண்டபத்திலேயே வீடு கட்டிக் கொண்டான். மற்றவர்கள் ஊருக்கு வந்து ஆளுக்கொரு தொழில் பார்த்தோம். நான் 1987இல் இரண்டாயிரம் கோழியோடு பண்ணை வைத்தேன். இப்போது ஐம்பதாயிரம்.

இந்த நண்பன் வருஷா வருஷம் கூப்பிடுவான். 2024 ஏப்ரல் முதல் வாரம்தான் போக முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள் ஆயிற்று. தடைக்கு இன்னும் பத்து நாள்தான் என்பதால் துறைமுகமே அறுவடைக் கடைசி வாரக் களம் மாதிரி பரபரப்பாக இருந்தது. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று 1970களிலிருந்தே ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை நான் போய் இறங்கியபோது, முந்தின நாள் கரை சேர்ந்த விசைப்படகுகளின் சரக்கு மணலில் காய்ந்து கொண்டிருந்தது.

அந்தச் சரக்குக்கு அங்கே சங்காயம் என்று பெயர். இறாலுக்காக அடிமடியைத் தரையோடு இழுத்துக் கொண்டு போகும்போது, இறாலோடு சேர்ந்து கையளவு, விரலளவு, நகத்தளவு உள்ள எல்லாம் வந்து விடும். சமையலுக்கு ஆகாது. அதை மணலில் பரப்பிக் காய வைத்து மூட்டை கட்டுவார்கள். நான் குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மணல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்தேன். நண்பன் சிரித்தான். "ஏன்டா, கடலைப் பார்க்க வந்தியா, சரக்குப் பார்க்க வந்தியா?"

உண்மை என்னவென்றால், அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்பது எனக்கு அவனை விட நன்றாகத் தெரியும். நம் ஊர்த் தீவன மில்லுக்குத்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிட்டோடு கருவாட்டுத் தூளும் சேர்ப்பது பல வருஷப் பழக்கம். முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சேர்க்கும் கிளிஞ்சலும் கடற்கரைச் சரக்குத்தான். இப்போது பல பண்ணைகள் மீனைக் குறைத்து விட்டன. நான் குறைக்கவில்லை. "அரைச்ச மீன் போட்டாத்தான் முட்டை நிக்கும்" என்று ஆரம்பத்தில் ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே பிடித்துக் கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை விடிகாலை. அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. நண்பனுக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் வள்ளத்தில் ஏறினோம். இப்போது எல்லா வள்ளத்திலும் இன்ஜின் இருக்கிறது, இவரும் வைத்திருக்கிறார். ஆனால் பாயையும் விடவில்லை. "டீசல் விக்கிற விலைக்குக் காத்துதான் சார் நமக்குக் கூட்டாளி" என்றார். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் இன்னும் எழாத இடைவெளி. கால்வாயில் நீரோட்டம் இழுக்கும் என்பதால் பாலத்தடியில் மட்டும் இன்ஜின் போட்டார். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்தே ரயில் ஓடவில்லை. பக்கத்தில் புதுப்பாலம் எழும்பிக் கொண்டிருந்தது. அதுதான் பிறகு 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. பாலத்தைத் தாண்டித் தென்கடலுக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்தார். சத்தம் போய் விட்டது. பலகையில் தண்ணீர் தட்டுகிற ஓசை மட்டும்தான். வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். அன்றைக்கு ஆண்கடலும் சாதுவாகத்தான் இருந்தது.

"குருசடையில் இறங்கலாமா, அந்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்" என்றேன். பெரியவர் மறுத்து விட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகி விட்டன. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. தூரத்தில் இருந்தே பார்த்துக் கும்பிட்டு விட்டு, எதிரே குந்துகாலில் கரை பிடித்தோம். 1897 ஜனவரி 26ஆம் தேதி, இலங்கையிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இந்திய மண்ணில் கால் வைத்த இடம் அது. எங்களுக்கு முன்பே நாலைந்து வள்ளங்கள் சிங்கி வலையோடு வந்து நின்றன.

சிங்கி இறால் பகலில் பார்ப் பொந்துக்குள் ஒளிந்திருக்கும். இருட்டில்தான் இரை தேடி வெளியே வரும். நிலா வெளிச்சத்தில் அவ்வளவாக நடமாடாது. அதனால் அமாவாசை நெருங்கும் இரவுகள்தான் அந்த வலைக்காரர்களுக்குத் திருநாள். சாயங்காலம் பார் ஓரத்தில் தரையோடு வலையை விட்டு வந்து, விடிகாலை எடுக்கிறார்கள். வலையில் சிக்கியதை ஒடிக்காமல் பிரித்தெடுக்கிற வேலை இருக்கிறதே, நம் ஊரில் முள்வேலியில் மாட்டிய பட்டுச் சேலையை எடுக்கிற மாதிரி. ஒரு கால் ஒடிந்தாலும், ஒரு மீசை போனாலும் விலை பாதி. உயிரோடு இருக்க வேண்டும். அதை ஈரம் காயாமல், குளிர்ச்சி குறையாமல் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, விமானத்தில் வெளிநாட்டு ஓட்டலுக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு இளைஞர் தன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். முதுகைப் பிடித்தேன். "கிர்ர்ர்" என்று மரக்கதவு உராய்கிற மாதிரி ஒரு சத்தம். நான் பதறிக் கையை விட்டு விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மீசையின் அடிப்பாகத்தை உரசி அது எழுப்பும் சத்தம் அது, எதிரியை மிரட்டுவதற்கு. மேனாட்டுக் கடலில் உள்ள லாப்ஸ்டருக்குப் பெரிய கொடுக்கு உண்டு. நம் சிங்கிக்கு அது கிடையாது. முள்ளும் மீசையும் இந்தச் சத்தமும்தான் ஆயுதம். மூன்று வருஷம் ஜாடியில் பார்த்தேனே, அது ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை. பச்சையும் நீலமும் கலந்த உடம்பு, காலில் வெள்ளைக் கோடு. என்ன அழகு!

படித்தது மறக்கவில்லை என்று காட்டிக் கொள்ள, ஐந்தாவது காலைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் சின்னக் கிடுக்கி இருந்தால் பெண். இருந்தது. வயிற்றைத் திருப்பினேன். வால்பகுதியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. ஒரு லட்சத்திலிருந்து பல லட்சம் வரை இருக்கும் என்றான் நண்பன். முட்டை வியாபாரியான நான், ஒரே உடம்பில் லட்சம் முட்டையைப் பார்த்து வாயடைத்துப் போய் விட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்து ஏமாந்து விடக் கூடாது. முட்டையிலிருந்து வருவது சிங்கி மாதிரியே இருக்காது. கண்ணாடிக் காகிதத்தில் வெட்டி எடுத்த எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்கும். ஃபில்லோசோமா என்று பரீட்சையில் எழுதினோமே, அதுதான். அது மாதக் கணக்கில் நீரோட்டத்தோடு நடுக்கடலில் மிதந்து, பலமுறை தோல் உரித்து, பிறகுதான் சிங்கிக் குஞ்சாகிக் கரையோரப் பாருக்கு வந்து சேரும். லட்சத்தில் ஒன்றிரண்டு பிழைத்தால் அதிகம். கோழிக்குஞ்சு மாதிரி பொரிப்பகத்தில் பெட்டி பெட்டியாக எடுத்து விடலாம் என்கிற வேலை இதில் நடக்காது. கூண்டில் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் குஞ்சும் கடலில் பிடித்ததுதான்.

"இதைத் திரும்ப விட்டுடலாமே" என்றேன் அந்த இளைஞரிடம்.

அவர் கோபப்படவில்லை. "விடலாம் சார். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கேன். ராத்திரி முச்சூடும் கெடந்து மொத்தமே ஏழு உருப்படி. அதுல பெருசு இதுதான். முட்டையைச் சுரண்டிட்டு எடை போட்டுக்குவாங்க" என்றார்.

நண்பன் அவருக்கும் தெரிந்த கதையைத்தான் எனக்காகச் சொன்னான். நம் நாட்டில் சிங்கிப் பிடிப்பு 1985இல் சுமார் 4,000 டன்னைத் தொட்டது. அதற்குப் பிறகு அந்த உயரத்தில் நிற்கவில்லை, பெரிதும் சரிந்து விட்டது. மும்பைக் கடலில் இழுவலைக்கு அகப்பட்ட ஒரு தட்டைச் சிங்கி இனம், 1994 வாக்கில் பிடிப்பதற்கே இல்லாமல் போயிற்று. 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தது. பாரில் கிடைக்கும் சாதாரணச் சிங்கிக்கு 200 கிராம், மணிச் சிங்கி என்று சொல்லும் பெரிய இனத்துக்கு 500 கிராம். அமெரிக்காவில் மெய்ன் என்ற மாநிலத்து மீனவர்கள், முட்டையோடு ஒரு பெண் சிக்கினால் வால் மடலில் ஒரு சிறு வெட்டுப் போட்டுக் கடலில் விட்டு விடுவார்களாம். அடுத்த முறை முட்டை இல்லாமல் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்து, இது தாய் என்று தெரிந்து மறுபடியும் விட்டு விட வேண்டும். சட்டமும் உண்டு, ஊர்க்கட்டுப்பாடும் உண்டு. ஒருத்தன் விட்டதை அடுத்தவன் பிடிக்க மாட்டான் என்ற நம்பிக்கை இருப்பதால் அது நடக்கிறது.

"அந்த நம்பிக்கை இங்கேயும் இருந்தா நானும் விடுவேன் சார்" என்றார் அந்த இளைஞர்.

நான் சட்டைப் பையில் கையை விட்டேன். வியாபாரி என்ன கொடுப்பாரோ அதை நான் தருகிறேன், விட்டு விடுங்கள் என்றேன். அவர் நண்பனைப் பார்த்தார், வள்ளத்துப் பெரியவரைப் பார்த்தார். பணத்தை வாங்கிக் கொண்டு, சிங்கியை எடுத்துப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மெல்ல இறக்கி விட்டார். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பின்பக்கமாகவே பாய்ந்து போய் விட்டது. கரையேறி வந்து துண்டால் கையைத் துடைத்துக் கொண்டே கேட்டார்:

"நாளைக்கும் வருவீங்களா சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வரும்போது மத்தியானக் காற்று நன்றாக இருந்தது. பாய் புடைத்துக் கொண்டு வள்ளம் ஓடியது. ஆனாலும் எனக்கு அந்தக் கேள்வி உள்ளே குடைந்து கொண்டே இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்து விட்டோம் என்கிற நிம்மதிக்கும் அந்தக் கேள்விக்கும் ஒத்துப் போகவில்லை.

சாயங்காலம் மண்டபத்தில் அந்தச் சங்காயம் காயப்போட்ட இடத்துக்கு மறுபடியும் போனேன். அங்கே மூட்டை கட்டிக் கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டு ஒரு முறம் வாங்கி, ஒரு கிலோ இருக்கும், அள்ளிப் போட்டு உட்கார்ந்து பிரித்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு செய்முறை வகுப்பு. காரல் குஞ்சு, நண்டுக் குஞ்சு, கணவாய்க் குஞ்சு, கடல் குதிரை ஒன்று, பெயர் தெரியாத நண்டு நத்தைகள் ஏராளம். நடுவில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, காய்ந்து வெளுத்து, முள்ளும் மீசையுமாக மூன்று உருப்படிகள். சிங்கிக் குஞ்சுகள். நம் ஆய்வகத்து ஜாடியில் உள்ள அதே வெள்ளை நிறம். லட்சத்தில் ஒன்று பிழைத்துக் கரை சேர்ந்தது என்று சொன்னேனே, அந்த ஒன்றுகள்தான் இவை.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "எந்த ஊருய்யா?" என்றார்.

"நாமக்கல்லுங்கம்மா."

"அப்ப இது உங்க ஊருக்குத்தான் வருது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஒன்றைக் காசு கொடுத்து விட்டேன். முப்பத்தைந்து வருஷமாக எத்தனையைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டிருக்கிறேன்? அன்றிரவு நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்குத் தின்பது ஏறக்குறைய 110 கிராம். ஐம்பதாயிரம் கோழிக்கு ஐந்தரை டன். அதில் ஐந்து சதவீதம் மீன் என்றால் தினம் 275 கிலோ. வருஷத்துக்கு நூறு டன். காய்ந்த ஒரு கிலோவுக்குப் பச்சை மீன் மூன்று நாலு கிலோ. ஆகக் கடற்கரையே பார்க்காத என் பண்ணை ஒன்று மட்டும், வருஷம் முந்நூறு நானூறு டன் கடலைத் தின்றிருக்கிறது. அந்த இளைஞருக்கு ராத்திரி முழுவதும் ஏழு உருப்படிதான் கிடைக்கிறது என்பதற்கும் என் தீவனக் கலவைக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு வந்து முதலில் செய்த காரியம், கலவையை மாற்றியது. இதில் நான் தியாகம் எதுவும் செய்யவில்லை, அதையும் உண்மையாகச் சொல்லி விடுகிறேன். கால்நடை மருத்துவர் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டோம். சோயாவைக் கூட்டி, மெத்தியோனினும் லைசினும் தனியாகச் சேர்த்தோம். முதல் ஆறு வாரம் முட்டை சதவீதம் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு கலவையைச் சரி செய்ததும் பழைய நிலைக்கு வந்து விட்டது. கருவாட்டில் உப்பு அதிகமானால் கோழி தண்ணீராகக் கழியும், கொட்டகை ஈரமாகும், ஈ மொய்க்கும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. மணலுக்கும் மீன் விலை கொடுத்துக் கொண்டிருந்தோம், அதுவும் மிச்சம். செலவு முதலில் ஏறியது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

இதோடு கதை முடிந்து விட்டதா என்றால் இல்லை. மூட்டை கட்டிய அந்த அம்மாவிடம் நான் ஊருக்குக் கிளம்பும்போது, இனிமேல் நான் இதை வாங்கப் போவதில்லை என்று சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "நீங்க நல்லவுகதான். நீங்க வாங்காட்டி எங்களுக்குக் கூலி யாரு தருவா?" என்றார். அந்த இளைஞரின் கேள்விக்கு எப்படிப் பதில் இல்லையோ அதே மாதிரி இதற்கும் என்னிடம் பதில் இல்லை. நான் ஒருவன் நிறுத்தினால் வேறொருவர் வாங்குவார், அந்த அம்மாவின் கூலி போகாது. எல்லோரும் நிறுத்தினால் கூலி போகும். இதைச் சொல்லாமல் விட்டு விட்டு உங்களிடம் கைதட்டு வாங்குவது நியாயமாக இருக்காது.

நண்பன் சொல்வது இது. சங்காயத்தை வாங்குவதை நிறுத்துவதை விட, அது வலையில் ஏறாமல் செய்வதுதான் முக்கியம். வழக்கமான மடிவலைக் கண்ணி, இழுக்கும்போது மூடிக் கொள்ளும். சதுரக் கண்ணி வைத்தால் இழுத்தாலும் திறந்தே இருக்கும். குஞ்சு வெளியே போய் விடும், பெரியது நிற்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இதைச் செய்து காட்டி வருஷங்கள் ஆகின்றன. பிறகு ஏன் எல்லோரும் மாற்றவில்லை? சங்காயத்துக்கும் விலை இருக்கிறது, அதனால்தான். டீசல் காசாவது அதில் வந்து விடுகிறது. அந்த விலையைக் கொடுப்பவர்கள் யார்? இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் கை தூக்கச் சொன்னால் என்னோடு சேர்த்து இருபது கையாவது எழும்பும். ஆகக் கடலில் கண்ணி எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்பதை, கடலையே பார்க்காமல், நாம்தான் இங்கிருந்து தீர்மானித்துக் கொண்டிருக்கிறோம்.

அதனால் இரண்டு வேண்டுகோளோடு முடித்துக் கொள்கிறேன்.

முதலாவது, தீவன மில்லும் பண்ணையும் வைத்திருக்கும் என் சகோதரர்களுக்கு. ஒரே நாளில் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த லோடு வரும்போது ஒரு கிலோவை முறத்தில் கொட்டி நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், குஞ்சு குறைவாக உள்ள சரக்குக்குக் கூட விலை தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். மணலுக்கும் உப்புக்கும் விலை குறைக்கத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

இரண்டாவது, விலங்கியல் துறையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் பேராசிரியர்களுக்கும். நம் ஊர்த் தீவன மில்லுக்கு வரும் மூட்டைகளில் மாதம் ஒரு கிலோ வாங்கி, என்னென்ன இனம், எத்தனை, எவ்வளவு நீளம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடலுக்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறோம், நமக்கு என்ன கடலாராய்ச்சி என்று நினைக்காதீர்கள். கடலே மூட்டையில் ஏறி நம் வாசலுக்கு வந்து கொண்டிருக்கிறது. சரக்கு என் செலவு. அந்த நோட்டை எடுத்துக் கொண்டு வருஷம் ஒரு தடவை மண்டபம் போய் வாருங்கள், பஸ் செலவும் என்னுடையது. செயலாளர் குறித்துக் கொள்ள வேண்டும், பிறகு நான் மறந்து விட்டேன் என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

போனால் குந்துகாலுக்கும் போங்கள். விடிகாலையில் போங்கள். யாராவது ஒரு சிங்கியை உங்கள் கையில் கொடுப்பார்கள். அது சத்தம் போடும். என்னை மாதிரிப் பதறிக் கீழே போட்டு விடாதீர்கள்.